கோத்தியக் கிளையில் உம்லாவுட் வரலாமா?

குறில்நெடில்:
ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றின் தாய்மொழியான மூல ஜெர்மானியத்தின் கோத்தியக் கிளையிலிருந்து பிரிந்ததாக ஒரு கற்பனை மொழிக் குடும்பம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கரைமொழி, மலைமொழி என்று இரண்டு. பாதம் 'ஃபோட்', பன்மை 'ஃபோட்டி'. கரைமொழியில் ஈற்று இகரம் ஓகாரத்தை ஏகாரமாக்கிவிட்டு (பின்னால் வரும் இகரமோ யகரமோ முன் உயிரை இப்படி மாற்றுவதுதான் உம்லாவுட்), அப்புறம்தான் விழுகிறது: ஃபேட். மலைமொழியில் இகரம் முதலிலேயே விழுந்துவிடுவதால் பன்மையும் ஃபோட்தான். விதிகள் அதே, வரிசைதான் வேறு. கருத்து சொல்லுங்கள்.

தொல்லொலி:
வரிசை யோசனை பிரமாதம். ஆனால் கோத்திய வழியில் உம்லாவுட்டை ஏற்க முடியாது. 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பெயர்த்த பைபிளின் மொழியான கோத்தியத்தில் பாதத்துக்கு ஒருமை ஃபோட்டுஸ், பன்மை ஃபோட்யுஸ். யகரம் பக்கத்திலேயே இருந்தும் ஓகாரம் அசையவில்லை. உம்லாவுட்தான் வேண்டுமென்றால் ஸ்காண்டிநேவிய மொழிகளின் வடக்குக் கிளைக்கோ, ஆங்கிலமும் ஜெர்மனும் இருக்கும் மேற்குக் கிளைக்கோ போய்விடுங்கள்.

குறில்நெடில்:
அந்தக் காலத்தில் வடக்கிலும் அது எழுத்தில் இல்லையே நண்பரே! டென்மார்க்கில் கிடைத்த கல்லெஹூஸ் பொற்கொம்பு சுமார் கி.பி. 400-ஐச் சேர்ந்தது. அதில் பழைய ஜெர்மானிய எழுத்தான ரூனில் இருக்கும் வரி: 'எக் ஹ்லெவகஸ்டிஸ் ஹொல்டியஸ் ஹொர்ன டவிடோ', அதாவது 'ஹ்லெவகஸ்டிஸ் ஹொல்டியஸ் என்ற நான் கொம்பைச் செய்தேன்'. ஹ்லெவகஸ்டிஸ் என்ற பெயரின் பின்பாதியான 'கஸ்டிஸ்' என்றால் விருந்தாளி. இகரம் இருக்கிறது, அகரம் மாறவில்லை. பிற்கால ஸ்காண்டிநேவிய மொழியான பழைய நார்ஸில்தான் அது 'கெஸ்ட்ர்'. ஆனால் அதே வரியில் 'ஹொர்ன' பாருங்கள். மூலத்தில் உகரம், அடுத்த அகரம் அதை ஒகரமாக இறக்கிவிட்டது, நாம் உலகத்தை ஒலகம் என்பதுபோல. ஒரு மாற்றம் முடிந்தாயிற்று, இன்னொன்று எழுத்துக்கே வரவில்லை! எனக்கு மிகப் பிடித்த கல்வெட்டு வரி இது. 4-ஆம் நூற்றாண்டில் இல்லாதது 8-ஆம் நூற்றாண்டிலும் வராது என்று எப்படிச் சொல்வீர்கள்?

அசைச்சீர்:
ஹொர்ன உங்களுக்கு எதிர்ச்சாட்சி. தங்கம் பழைய ஆங்கிலத்தில் 'கொல்ட்', கோத்தியத்தில் 'குல்த்'. அகரம் இழுக்கும் இழுப்பே அங்கே எடுபடவில்லை. பின் அசைக்கு முன் அசை இணங்கும் போக்கு கிழக்கில், அதாவது கோத்தியம் சேர்ந்த கிழக்குக் கிளையில், வலுவாக இல்லை.

தொல்லொலி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கிழக்கு எந்தப் பக்கம் போனது என்பதற்குச் சான்று இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் புஸ்பெக் என்ற தூதர் குறித்துவைத்த, கிரிமியாவில் பேசப்பட்ட கோத்தியச் சொற்களில் நிலவு 'மினே', இருக்கை 'ஸ்டுல்'. பழைய ஏகாரம் ஈகாரத்தை நோக்கியும், ஓகாரம் ஊகாரத்தை நோக்கியும் ஏறியிருக்கின்றன. இந்த ஏற்றத்தை உங்கள் மொழியில் காணோமே?

குறில்நெடில்:
சேர்த்துக்கொள்கிறேன், உம்லாவுட்டுக்குப் பிறகு. ஒருமை ஃபூட், பன்மை ஃபேட் ஏறி ஃபீட்.

தொல்லொலி:
உம்லாவுட்டுக்கு முன்பே ஏற்றினால் பன்மை 'ஃபூட்டி' ஆகிவிடும். பிறகு உம்லாவுட் பட்டால், உதட்டைக் குவித்துச் சொல்லும் ஈகாரம். சுண்டெலி 'மூஸ்', பன்மை 'மூஸி'. அதற்கும் அதே ஒலிதான். உங்கள் வரிசையில் பாதங்களுக்குச் சாதா ஈகாரம், சுண்டெலிகளுக்குக் குவிந்த ஈகாரம். ஆக, வரிசையைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் இந்த இரண்டும்தான். அவற்றைச் சொற்பட்டியலில் அடுத்தடுத்து வையுங்கள். கோத்திய வழி என்பதை மட்டும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.