ஒற்றைக்கால் ரோபோவால் என்ன பயன்?

புதுவரவு:
ரோபோ ஆய்வாளர் மார்க் ரைபெர்ட் 1980களில் செய்த ஒற்றைக்கால் ரோபோவின் வீடியோ பார்த்தேன். நடக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டு கால் வைக்கலாமே, ஏன் ஒரே காலில் குதிக்க விட்டார்?

கியர்பாக்ஸ்:
ஒரே கால் என்றால் எந்தக் காலை எப்போது எடுத்து வைப்பது என்ற குழப்பமே இல்லை, சமநிலை மட்டும்தான் பிரச்சினை. அதையும் மூன்றாகப் பிரித்துவிட்டார்: குதிக்கும் உயரத்துக்குக் காலின் உந்துதல், வேகத்துக்கு அடுத்து கால் ஊன்றும் இடம், உடம்பு சாயாமல் இருக்க, பாதம் தரையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இடுப்பு மூட்டில் கொடுக்கும் முறுக்குவிசை (அதாவது மூட்டைத் திருப்பும் விசை). இவ்வளவு எளிய கணக்குக்கு அது விழாமல் ஓடியதுதான் எனக்கு ஆச்சரியம்.

புதுவரவு:
சரி, வேகத்தை எப்படிக் குறைக்கும்?

கியர்பாக்ஸ்:
பாதம் தரையில் இருக்கும்போது உடம்பு கடக்கும் தூரத்தின் நடுவில் ஊன்றினால் வேகம் மாறாது. அதற்கு முன்னால் தள்ளி ஊன்றினால் குறையும், பின்னால் என்றால் கூடும்.

மழைக்கால்:
இதே உத்தியைப் பிறகு இரண்டு கால், நான்கு கால் ரோபோக்களிலும் ரைபெர்ட் குழுவினர் ஓட்டிக் காட்டினார்கள். அப்புறம் 1992இல் ரைபெர்ட் தொடங்கியதுதான் பாஸ்டன் டைனமிக்ஸ் என்ற ரோபோ நிறுவனம். நேரமிருந்தால் டாட் மெக்கீர் 1990இல் எழுதிய கட்டுரையையும் படியுங்கள், மோட்டாரே இல்லாமல் சரிவில் தானாக நடந்து இறங்கும் கால்கள். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் சுவாரசியம்.