தாத்தாவ கொல்ற கதைய விடுங்க, இந்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு என்ன பதில்?

ராக்கோழி:
டைம் டிராவல்ல காலத்துல பின்னாடி போய் தாத்தாவ கொன்னா நான் எப்படி பொறப்பேன்னு கேட்டா, கடைசி நேரத்துல மனசு மாறிடும்னு ஏதாச்சும் சால்ஜாப்பு சொல்லிடலாம். ஆனா இயற்பியலாளர் போல்சின்ஸ்கி கேட்ட புதிர்ல ஆளே கிடையாது, வெறும் பந்து. ஒரு வார்ம்ஹோலுக்குள்ள, அதாவது ரெண்டு இடத்தையும் நேரத்தையும் இணைக்குற சுரங்கப்பாதைக்குள்ள போகுது, போறதுக்கு கொஞ்சம் முந்தின நேரத்துல இன்னொரு வாய் வழியா வெளிய வருது, வந்து உள்ள போக இருந்த தன்னையே இடிச்சு தள்ளிவிட்ருது. உள்ளயே போகலன்னா வெளிய வந்தது எது? மண்ட காயுது.

கணக்குப்புலி:
1991லயே இயற்பியலாளர் கிப் தோர்னும் அவரோட ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேரும் இத போட்டு பாத்துட்டாங்க. நீங்க நேரா இடிக்கும்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டீங்க, அதான் சிக்கல். வெளிய வர்ற பந்து லேசா கோணம் மாறி வந்து சும்மா உரசிட்டு போகுதுன்னு வைங்க, உரசுனதுல பழைய பந்து கொஞ்சம் விலகி உள்ள போகும், விலகி போனதாலதான் கோணம் மாறி வெளிய வருது. கணக்கு இடிக்கல பாருங்க. இதத்தான் ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ் தனக்குத்தானே முரண்படாத நிகழ்வு மட்டும்தான் நடக்கும்னாரு. கூத்து என்னன்னா ஒரே ஆரம்பத்துக்கு இந்த மாதிரி விடை எண்ணிக்கையே இல்லாம வருது, பந்து எத எடுக்கும்னு நியூட்டன் விதி சொல்லாது.

சும்மா_ஒருத்தன்:
இதெல்லாம் பேப்பர்லதான் பாஸ். வார்ம்ஹோல் மூடாம நிக்கவே நெகட்டிவ் எனர்ஜி, அதாவது வெற்றிடத்த விட கம்மியான எனர்ஜி வேணும். ஹாக்கிங் 1992ல, கிளம்புன நேரத்துக்கே திரும்பி வர்ற லூப் உருவாகப்போற நேரத்துல வெற்றிடத்தோட எனர்ஜியே ஏறி ஏறி டைம் மெஷின நாசம் பண்ணிடும்னு சொன்னாரு. 2009 ஜூன் 28ல டைம் டிராவல் பண்றவங்களுக்குன்னு பார்ட்டி வச்சுட்டு இன்விடேஷன அப்புறமாதான் வெளிய விட்டாரு, ஒரு ஈ காக்கா வரல, போதாதா?

கணக்குப்புலி:
ஹாக்கிங் சொன்னது இன்னும் நிரூபிக்காத ஊகம்ங்க. பார்ட்டி நல்ல ஜோக்கு, ஆதாரம்லாம் ஆகாது. வார்ம்ஹோல் மெஷின்ல அத செஞ்ச நேரத்துக்கு முந்தி போகவே முடியாது, 2009ல யாரும் செஞ்சு வைக்கல, அப்ப யார் வருவா? டைனோசர் பாக்குற ஆசையும் அதோட க்ளோஸ்.

ராக்கோழி:
அப்ப 1949ல கணித மேதை கோடல் சொன்ன டைம் டிராவல்? அதுல மெஷினே வேணாம்ல?

கணக்குப்புலி:
வேணாம், பிரபஞ்சமே சுத்தும், ராக்கெட்ல ஒரு பெரிய ரவுண்டு போனா கிளம்புன நேரத்துக்கே வந்துடலாம். ஐன்ஸ்டைன் சமன்பாட்டுக்கு சரியான விடைதான். ஆனா அந்த பிரபஞ்சம் விரியாது, நம்மளது விரியுது, அதனால இங்க செல்லாது.