குளுட்டன் இல்லாத தோசை, ஆனால் ரொட்டி சானாய் கல்

தோசைக்கரண்டி:
மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஓர் ஒட்டுக்கடையில் புது அட்டை தொங்குகிறது: ‘குளுட்டன் இல்லாத தோசை’. சாதாரணத் தோசையைவிட ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட. குளுட்டன் என்பது கோதுமையில் இருக்கும் புரதம், சிலர் உடம்புக்கு ஆகாது. அரிசியிலும் உளுந்திலும் அது கிடையாது, அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் கல்லிலிருந்து மைதாவில் செய்த ரொட்டி சானாயை எடுத்த கையோடு, அதே கரண்டியால் ஒரு சுரண்டு சுரண்டி, தோசை மாவை ஊற்றியாகிவிட்டது. ஓரத்தில் கருகி ஒட்டியிருந்த மைதா தோசையோடு சேர்ந்து எழும்பி வந்தது. கண்ணில் இன்னும் அதுதான் நிற்கிறது.

‘குளுட்டன் இல்லாதது’ என்று சொல்ல, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியின் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 100 கிராம் தோசை என்றால் 2 மில்லிகிராம். ஏறக்குறைய 25 மில்லிகிராம் மைதாவிலேயே அவ்வளவு குளுட்டன் வந்துவிடும். ஒரு சிட்டிகைக்கு வெகு கீழே. சூட்டில் கிருமி சாகும், குளுட்டன் போகாது.

சாம்பார்வாளி:
கல் கிடக்கட்டும் அண்ணே, வாளியில் இருந்த சாம்பாரைப் பார்த்தீர்களா? கடையில் விற்பது கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பிசின் நெடி தாங்காது என்று கோந்தும் மாவும் சேர்த்துத்தான் பொடி செய்கிறார்கள். சில டப்பாவில் அந்த மாவு அரிசி, பலதில் கோதுமை. பின்பக்கம் பொடி எழுத்தில் மலாயில் ‘தெப்போங் கண்டும்’ என்றிருந்தால் கோதுமை மாவு, ‘தெப்போங் பெராஸ்’ என்றால் அரிசி மாவு. ரசத்திலும் மோர் மிளகாயிலும் இதே கதைதான்.

பால்மரம்72:
எல்லாம் பட்டணத்து மோஸ்தர். கோதுமையை எடுத்துவிட்டு மரவள்ளி மாவும் சோள மாவும் சீனியும் போட்டு பிஸ்கட் சுட்டு, மூன்று மடங்கு விலை. நார்ச்சத்தும் போச்சு. உடம்பு இளைக்கும் என்று இதை வாங்குகிறவர்களை என்ன சொல்வது?

கருவேப்பிலை:
இளைக்க வாங்குகிறவர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மோஸ்தர் என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள் ஐயா. கோதுமைக்கும் சீலியாக் நோய்க்கும் உள்ள தொடர்பை டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-லேயே ஆய்வேடாக எழுதிவிட்டார். உலகத்தில் நூற்றில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கு. அவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது. சிறுகுடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் பிசிறுகள் தேய்ந்துபோகும். ஓயாத வயிற்றுப்போக்கு, ஏறாத இரும்புச்சத்து, பிள்ளை வளராமல் நிற்பது எல்லாம் அதனால் வரலாம்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சந்தேகம் வந்த அன்றே ரொட்டியை நிறுத்தாதீர்கள். டிடிஜி-ஐஜிஏ என்ற இரத்தச் சோதனை, நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திச் சில மாதம் ஆனபின் எடுத்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். அப்புறம் மருத்துவர் மறுபடி சில வாரம் கோதுமை சாப்பிடச் சொல்வார், அது இரட்டை வேதனை. கூடவே மொத்த ஐஜிஏ (அந்தச் சோதனை தேடும் எதிர்ப்புப் புரத வகை) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு, முதல் சோதனை ஏமாற்றிவிடும். இரத்தத்தில் தெரிந்தால் குழாய் விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

மாவுச்சல்லடை:
பிஸ்கட்டை விடுங்கள். புரட்டாசியில் குவியும் ‘சைவ ஆட்டிறைச்சி’ பாக்கெட்டை யாராவது திருப்பிப் பார்த்தீர்களா? அதில் பலவும் குளுட்டனேதான்! கோதுமை மாவைப் பிசைந்து, மாவுப்பால் போகக் கழுவினால் கையில் மிஞ்சுகிற ரப்பர். கித்தா (ரப்பர்) பார்த்த ஊருக்கு இதை விளக்கவா வேண்டும்.

தலைகீழ் குழப்பமும் உண்டு. மலாய்க்காரர் ‘பூலுட்’ என்கிற அரிசியை ஆங்கிலத்தில் ‘குளுட்டினஸ்’ என்கிறார்கள், ஒட்டுகிற அரிசி என்றுதான் பொருள். அதில் குளுட்டன் இல்லை. மளிகைக்கடையில் ‘ராகி’ கேட்டால் மலாய்க்காரர் ஈஸ்ட்டை எடுத்து நீட்டுவார், மலாயில் ராகி அதுதான். கேழ்வரகு என்று நம் கடையில் கேளுங்கள். லேபிளில் ‘காஞ்சி’ என்றிருந்தால் ஸ்டார்ச். நம்ம கஞ்சிதான் போய்க் குடியேறியிருக்கிறது. ‘காஞ்சி ஜாகோங்’ சோளம், பயமில்லை.

இடியாப்ப உரல்:
தோசைக்கரண்டி சொன்ன கல்லுக்கு வழி தனிக் கல், தனிக் கரண்டி. இரும்புக் கல் எண்ணெய் குடித்துப் பழகியது, தேய்த்துக் கழுவினாலும் நம்ப முடியாது. கடையில் அது நடக்காத காரியம், பக்கத்திலேயே ரொட்டி வீசும்போது மைதா காற்றில் பறக்கும்.

காலையில் பசியாற இடியாப்பம் பிழியுங்கள். வறுத்த அரிசி மாவு ஒரு கப், உப்பு அரை டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன், தண்ணீர் ஒன்றேகால் கப். தண்ணீர் தளதளவென்று கொதிக்கணும். வெதுவெதுப்பாக ஊற்றினால் மாவு உள்ளே வேகாமல், பிழியும்போது இழை இழையாக அறுந்து விழும். கரண்டிக் காம்பால் கிளறி ஐந்து நிமிடம் மூடி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். ஆறவிட்டால் உரல் இறுகும், மணிக்கட்டு போகும்.

பால்மரம்72:
சரி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால். குடிக்க மைலோ?

இடியாப்ப உரல்:
அதில் பார்லி மால்ட் ஐயா.

பால்மரம்72:
அப்போ பாலில்லாத கோப்பி ஓ.

சாம்பார்வாளி:
தூள் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள். கோதுமை சேர்த்து வறுத்த கலவைத் தூளும் விற்கிறது.