கண்ணில பூ விழுந்த கதை: வாய்க்கால் தண்ணியும் அமீபாவும் (உங்கட அனுபவங்களையும் எழுதுங்கோ)

குளக்கட்டடி, முத்தையன்கட்டுப் பக்கம்:

கேரளத்தில குளத்தில குளிச்ச ஆக்களுக்கு மூளை தின்னி அமீபா வந்த செய்தியைப் பார்த்திட்டு எல்லாரும் பயந்து எழுதுறியள். எனக்கு வந்தது அதில்லை, அதின்ர ஒண்டுவிட்ட சகோதரம். மூளைக்குப் போகேல்லை, கண்ணோட நிண்டிட்டுது. வன்னியில மண்வெட்டி பிடிக்கிற ஆக்களுக்கு உதுதான் கிட்டக் கிடக்கிற ஆபத்து எண்டு நினைக்கிறன். அதால என்ர கதையை முதல் எழுதுறன்.

சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்க முதல் வாய்க்கால் துப்பரவாக்க வேணும். கமக்காரர் ஆளாளுக்கு ஒரு துண்டு அளந்து பிரிப்பம். என்ர துண்டில கோரையும் சேறும் முழங்கால் மட்டுக்கு. மண்வெட்டியால ஒரு வெட்டு வெட்டினன், சேறு தெறிச்சு வலக்கண்ணுக்குள்ள போட்டுது. இதெல்லாம் எங்களுக்கு ஒரு விசயமே? குனிஞ்சு அதே வாய்க்கால் தண்ணியை ரெண்டு கையாலயும் அள்ளிக் கண்ணைக் கழுவிப்போட்டு வேலையைப் பார்த்தன். பிறகு கண் டொக்டரிட்ட இதைச் சொல்லேக்க அவர் பேனையை வைச்சிட்டு என்னை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தவர்.

ரெண்டு நாள் உறுத்தல். மூண்டாம் நாள் சிவப்பு. மாமி நந்தியாவட்டைப் பூ வைச்சுக் கட்டினா. பக்கத்து வீட்டில பிள்ளைப்பெத்த பெட்டையிட்டத் தாய்ப்பால் வாங்கி விடுவம் எண்டும் நிண்டா, அதுக்கு மட்டும் நான் ஒப்பேல்லை. அறிவால இல்லை, வெக்கத்தால. ரவுணில ஒரு மருந்துக்கடையில சிவப்புக்குச் சொட்டு மருந்து கேட்டன். டொக்டரின்ர துண்டு கேக்காமலே தந்தவை. விட்ட அண்டைக்கே சிவப்புக் குறைஞ்சுது, எனக்குச் சரியான புளுகம். அது ஸ்டீரொய்ட் சொட்டு எண்டு எனக்கு எங்க தெரியும்? சிவப்பை அடக்கி, உள்ளுக்கிருக்கிற கிருமிக்கு வாசலைத் திறந்துவிடுற சாமான்.

ஒரு கிழமையால தொடங்கிச்சுது நோ. கண்ணாடியில பார்த்தால் கறுப்பு முழியில ஒரு சின்ன வெள்ளை மங்கல், அவ்வளவுதான். நோ மட்டும் மண்டையைப் பிளக்குது. வெளிச்சம் ஆகாது. பகல் முழுக்கச் சாரத்தைத் தலையில போட்டுக்கொண்டு அறைக்குள்ள இருந்தனான். ஆஸ்பத்திரியில பார்த்த எல்லாரும் "இவ்வளவு நோவோ?" எண்டுதான் கேட்டவை. நான் நடிக்கிறன் எண்டு நினைக்கினமாக்கும் எண்டு எனக்குக் கோவம். புண்ணுக்கு மிஞ்சின நோதான் இந்த வருத்தத்தின்ர அடையாளம் எண்டு பிறகுதான் விளங்கினது.

முதல் வைரஸ் புண் எண்டு மருந்து. கேக்கேல்லை. வயல்காரன்தானே, பூஞ்சணமாயிருக்கும் எண்டு அதுக்கொரு மருந்து. அதுவும் கேக்கேல்லை. மூண்டாம் கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கண் விறைக்கிறதுக்கு மருந்து விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்தவை. அதுக்குள்ள வெள்ளை மங்கல் வளையமாய் மாறிப்போச்சு. டொக்டர் கடதாசியில ஒரு வட்டம் கீறி, அதுக்குள்ள இன்னொரு வட்டம் கீறிக் காட்டினவர். பேர் அகாந்தமீபா. மண்ணில, குளத்தில, கிணத்தில, குழாய்த் தண்ணியில எல்லாம் இருக்குமாம். மனிசரைத் தேடி வராது. நாங்கள்தான் கீறின கண்ணைக் கொண்டுபோய்க் குடுக்கிறம்.

மருந்தின்ர பேர் வாய்க்குள்ள நிக்காது. நீச்சல் தடாகத் தண்ணிக்குப் போடுற கிருமிநாசினி வகை, பத்தாயிரத்தில ரெண்டு பங்காய்க் கரைச்சு ஆஸ்பத்திரியிலயே கலந்து தந்தவை. அதோட குளோர்ஹெக்ஸிடினும். முதல் ரெண்டு நாளும் ராப்பகலாய் மணிக்கொருக்கா. மனுஷி போனில அலாரம் வைச்சுக்கொண்டு கதிரையில இருந்தே நித்திரை கொண்டவ. பிறகு பகலில மட்டும், பிறகு நாலு தரம், இப்பிடி எட்டு மாதம். அவ்வளவு காலம் ஏன் எண்டால், அந்தச் சீவன் மருந்தைக் கண்டதும் கோதுக்குள்ள பூந்திடுமாம். ரெண்டு சுவர் வைச்ச கோது. மருந்தை விட்டால் திரும்ப வெளிய வரும்.

இப்ப நோ இல்லை. கறுப்பு முழிக்கு மேல வெள்ளைத் தழும்பு. "கண்ணில பூ விழுந்திட்டுது" எண்டு சின்னனில கிழடுகளைப் பார்த்துச் சொல்லுவம், இப்ப என்னைச் சொல்லுகினம். முகத்துக்கு நேர கையை ஆட்டினால் தெரியும், விரலை எண்ணச் சொன்னால் தெரியாது.

பாலைப்பழம், அறிவியல்நகர்:

அண்ணை, வாசிக்கவே கண் கூசுது. எனக்கும் அதே அமீபாதான், ஆனா வயலில இல்லை, விடுதி பாத்ரூமில.

மச்சாளின்ர கலியாணத்துக்குக் கண்ணாடியோட நிக்க விருப்பமில்லாமல் கொன்ராக்ட் லென்ஸ் வாங்கினனான். பிறகு விரிவுரைக்கும் போடத் தொடங்கிட்டன். லென்ஸ் கழுவுற கரைசல் விலை. முடியிற நேரம் பழைய கரைசலுக்கு மேலயே கொஞ்சம் விட்டு நிரப்புவன், பெட்டியைக் குழாய்த் தண்ணியில அலசுவன், லென்ஸ் போட்டபடியே தலை முழுகுவன். செய்யக்கூடாத மூண்டையும் ஒழுங்காய்ச் செய்திருக்கிறன்!

ஒரு கண் மட்டும் சிவந்து கண்ணீர் ஓடத் தொடங்கினது. அக்கா ஒராள் எங்களோட இருக்கிறவ, தாதிப் படிப்பை இடையில விட்டவ. "லென்ஸ் போடுற ஆளுக்கு ஒரு கண் நொந்தால் கடைச் சொட்டு விடாத, கண் வைத்தியரிட்டப் போ" எண்டு அண்டைக்கே பஸ் ஏத்திவிட்டவ. லென்ஸை எறிஞ்சிடாமல் பெட்டியோட கொண்டுபோகச் சொன்னதும் அவதான். கண்ணிலயிருந்து எடுத்ததில ஒண்டும் பிடிபடேல்லை, பெட்டிக்குள்ளதான் ஆள் இருந்தவர். நாலு மாதம் சொட்டு விட்டன், பார்வை தப்பிட்டுது. அக்காவுக்கு இப்பவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சீலை வாங்கிக் குடுக்கிறன்.

மல்லாவியான்:

அமீபா எண்டால் வயித்துளைவுதானே? எனக்குச் செட்டிகுளம் முகாமில இருக்கேக்க வந்தது. மெட்ரோனிடசோல் குடிச்சன், மாறிட்டுது. இதுக்கேன் எட்டு மாதம்?

ஆய்வுகூடத்துக் கிழவர், வவுனியா (ஓய்வு):

தம்பி மல்லாவியான், பெயர் ஒன்றுதான், குலம் வேறு. உங்களுக்கு வந்தது எண்டமீபா. அதற்கு மனிதக் குடல்தான் வீடு, ஒருவரின் மலத்திலிருந்து இன்னொருவரின் வாய்க்குப் போகும். இங்கே பேசுவது சுயமாக வாழும் அமீபாக்கள். அவற்றுக்கு நாம் தேவையே இல்லை. மண்ணிலும் நீரிலும் பக்டீரியாவைத் தின்றுகொண்டு தம்பாட்டில் இருப்பவை. மெட்ரோனிடசோல் இவற்றிடம் எடுபடாது.

அகாந்தமீபாவை எப்படிப் பிடிப்போம் என்று சொல்கிறேன், எனக்குப் பிடித்த வேலை அது. சத்து எதுவும் சேர்க்காத அகார் என்ற கூழ்த் தட்டில் ஈ.கோலை பக்டீரியாவைப் பூசி, கண்ணிலிருந்து சுரண்டியதை நடுவில் வைப்போம். அமீபா இருந்தால் பக்டீரியாவை மேய்ந்துகொண்டே ஊரும். இரண்டு மூன்று நாளில் மைக்கிறஸ்கோப்பில் பார்த்தால், அறுவடைக்குப் பிறகு வயலில் மாடு நடந்த தடம் போல அது போன பாதை தெரியும். கோதின் வெளிச்சுவர் சுருங்கி, உட்சுவர் நட்சத்திரம் போல இருக்கும். ஒருமுறை பார்த்தவன் மறக்கமாட்டான்.

குளக்கட்டடித் தம்பிக்கு இன்னொன்று. இந்தக் கண்நோயைப் பற்றி உலகில் முதலில் எழுதப்பட்டவர்களில் ஒருவர், 1973 இல், தெற்கு டெக்சாஸ் பண்ணைக்காரர். அவரும் கண்ணில் அடிபட்ட கமக்காரன்தான். பணக்கார நாடுகளில் பிறகு இது லென்ஸ்காரர் நோயாகிவிட்டது. நம் பக்கத்தில், இந்தியாவிலும், லென்ஸையே காணாத வயற்காரருக்குத்தான் கூடுதலாக வருகிறது.

வவுனிக்குளத்துத் தாய்:

ஐயா, அப்ப அந்த மூளைக்குப் போறது? என்ர கதையையும் கேளுங்கோ.

போன ஆவணி கடைசி. குளம் வத்தி, நடுவில மட்டும் தண்ணி. விரால் பிடிக்கவெண்டு பொடியள் முழுநாளும் அந்தச் சேத்துக்குள்ள. தண்ணி பின்னேரத்தில கால் வைச்சால் சுடும். மகனுக்குப் பதினொரு வயது. நாலாம் நாள் காய்ச்சல், தலையிடி, சத்தி. குனிஞ்சு காலைப் பார் எண்டால் பிடரி மடங்குதில்லை. எனக்குப் போனில பார்த்த செய்தியெல்லாம் ஒண்டா வந்து நிண்டுது. வாட்டில சேர்க்கேக்க அழுதழுது, "குளத்தில முங்கி விளையாடினவன், மூக்குக்குள்ள தண்ணி போனது" எண்டு சொன்னன். இவர் "விசர்க்கதை கதையாத" எண்டு பேசினவர். ஆனா டொக்டர் பிள்ளை, என்ர மகளின்ர வயசுதான் இருக்கும், "சொன்னது நல்லதம்மா" எண்டு எழுதிக்கொண்டவ. முதுகில ஊசி போட்டுத் தண்ணி எடுத்தவை. அந்த ராத்திரி நான் வட்டாப்பளை அம்மனுக்கு வைக்காத நேத்தியில்லை.

வைரஸாம். ஆறாம் நாள் வீட்ட வந்திட்டான். வைகாசிப் பொங்கலுக்கு நேத்தி தீர்க்கப் போறன்.

ஆய்வுகூடத்துக் கிழவர்:

தங்கச்சி, அந்த டொக்டர் பிள்ளை சொன்னது முழு உண்மை. நெக்லேரியா பௌலரி என்ற அந்த அமீபா வந்த முதுகுத்தண்டு நீர், சாதாரண பக்டீரியா மூளைக்காய்ச்சல் நீர் போலவே இருக்கும்: சீழ் அணுக்கள் அதிகம், சீனி குறைவு. ஆனால் சாயம் போட்டுப் பார்த்தால் பக்டீரியா இராது. குளத்துக் கதை தெரிந்தால்தான் ஆய்வுகூடத்தில் இருப்பவன் ஒரு துளியைச் சுடச்சுட எடுத்து, அசையும் ஏதாவது உண்டா என்று பார்ப்பான். குளிர்ப்பெட்டியில் வைத்தால் அசைவு நின்றுவிடும், பிறகு அது வெள்ளை அணு போலக் கிடக்கும், கண் ஏமாந்துபோகும். காய்ச்சி வடித்த நீரில் விட்டால் சில மணி நேரத்தில் சவுக்குப் போல இரண்டு இழை முளைத்து நீந்தத் தொடங்கும். மூளையைத் தாக்கும் வேறு அமீபாக்களுக்கு அந்த வித்தை தெரியாது.

இந்த மூளை நோயைப் பற்றி முதலில் 1965 இல் எழுதியவர்கள் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் மருத்துவமனை ஒன்றில் இருந்த பௌலரும் காட்டரும். அந்த மாநிலத்தில் தண்ணீர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நிலத்துக்கு மேலே குழாயில் வந்தது. வெயிலில் குழாய் சூடாகி, அமீபாவுக்கு ஏற்ற வீடாயிற்று. குளோரினை ஒழுங்காகக் கலந்த பிறகுதான் அடங்கியது. நெக்லேரியா குளோரினுக்குப் பயப்படும், அகாந்தமீபாவின் கோது அவ்வளவாகப் பயப்படாது.

நெக்லேரியா போகும் வழி மூக்கு ஒன்றுதான். மணம் அறியும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறும். குடித்தால் வராது, ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது, முல்லைத்தீவுக் கடலில் குளிப்பவர்களுக்கும் இந்தக் கவலை இல்லை. மிக அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் மரணம்: அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை 164 பேருக்கு வந்தது, தப்பியது 4 பேர். 2024 இல் கோழிக்கோட்டுப் பக்கத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் தப்பினான். அங்கேயும் குளத்தில் குளித்த கதை வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

எலிக்காய்ச்சலுக்கு வயலில் இறங்க முதல் டொக்சிசைக்கிளின் தருகிறார்கள் அல்லவா, இதற்கு அப்படி ஒரு குளிசை இல்லை. குளம் வற்றிச் சூடான காலத்தில் சேற்றைக் கிளறவேண்டாம், தலைகீழாகக் குதிக்கவேண்டாம், குதித்தால் மூக்கைப் பொத்தவேண்டும்.

வவுனிக்குளத்துத் தாய்:

மூக்கைப் பொத்தாமல் குதிக்கிறவனுக்கு ராச்சோறு இல்லை எண்டு சட்டம் போட்டாச்சு ஐயா. மகனும் அவன்ர கூட்டாளியளும் உடுப்புக் காயப்போடுற கிளிப்பை மூக்கில கவ்வவைச்சுக்கொண்டு போறாங்கள். ஊரே சிரிக்குது.

பனிக்காலப்பறவை, ரொறன்ரோ, இப்ப மாங்குளத்தில:

எனக்குப் பீனிசம். கெண்டி மாதிரி ஒரு பாத்திரத்தால ஒரு மூக்கில விட்டு மற்ற மூக்கால எடுக்கிறது, யோகா வகுப்பில பழகினது. இஞ்ச வந்து ஒரு மாதமாய்க் கூரைக்கு மேல கிடக்கிற கறுப்புத் தாங்கித் தண்ணியில செய்யிறன். இளஞ்சூடாய் வரும், நல்ல சுகமாயிருக்கும். ஐயா எழுதின குழாய்க் கதையை வாசிச்சதிலயிருந்து நித்திரை இல்லை.

ஆய்வுகூடத்துக் கிழவர்:

நிறுத்துங்கள். 2011 இல் லூசியானாவில் இரண்டு பேர் குழாய்த் தண்ணீரில் மூக்குக் கழுவித்தான் இறந்தார்கள். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவேண்டும், பிறகு ஆறவைத்து உப்புப் போடுங்கள். பாத்திரத்தையும் அதே தண்ணீரால் அலசிக் காயவையுங்கள். ஒரு மாதம் செய்தும் உங்களுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியாகச் செய்த நாளிலிருந்து பன்னிரண்டு நாள் தாண்டினால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். அதற்குள் காய்ச்சல், தலையிடி, சத்தி வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், கெண்டிக் கதையை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

தண்ணீரூற்று வாசி:

தொழுகைக்கு முதல் வுழூச் செய்யேக்க மூக்குக்குத் தண்ணி எடுக்கிறமே, அதுக்கு?

ஆய்வுகூடத்துக் கிழவர்:

கராச்சியில் குளத்துப் பக்கமே போகாத பலருக்கு வந்தது, வுழூத் தண்ணீர்தான் என்று அங்குள்ள வைத்தியர்கள் எழுதினார்கள். ஆழமாக உறிஞ்சாமல் மூக்கு நுனியை நனைப்பது நல்லது. முடிந்தால் கொதித்தாறிய தண்ணீரை ஒரு செம்பில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளக்கட்டடி:

எழுதின எல்லாருக்கும் நன்றி. பாலைப்பழம் தங்கச்சி, உங்கட அக்கா மாதிரி ஒராள் எனக்கு அண்டைக்கு வாய்க்கேல்லை.

விழிவெண்படலம் (கறுப்பு முழிக்கு மேல இருக்கிற கண்ணாடி மாதிரித் தோல்) மாத்துறதுக்குப் பேர் பதிஞ்சு கிடக்கு. 1961 இலயிருந்து எங்கட நாட்டில கண்தானச் சங்கம் இருக்கு, வெளிநாடுகளுக்கே கண் அனுப்புறம். ஆனா எனக்கு உடன வைக்கமாட்டினம். கோது ஏதும் மிஞ்சிக் கிடந்தால் புதுக்கண்ணையும் தின்னுமாம். நோவும் சிவப்பும் இல்லாமல் இன்னும் கொஞ்சக் காலம் போகவேணும் எண்டு டொக்டர் சொல்லுறார்.

பெரும்போகத்துக்கு விதைச்சாச்சு. வயலுக்குப் போகேக்க மனுஷி சோத்துப் பெட்டியோட ஒரு சோடாப் போத்தலில கொதிச்சாறின தண்ணி கட்டித் தாறா. குடிக்கிறதுக்கில்லை, கண்ணுக்கு. அதில "கண்" எண்டு பெயின்ரால எழுதியும் வைச்சிருக்கிறா. நேத்து வரம்பில வைச்சிட்டு வர, கூலிக்கு வந்த பொடியன் ஒருத்தன் அரைவாசியைக் குடிச்சிட்டான்.