வாரண்ட் இல்லாமல் வீட்டுச் சோதனை: கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு சிற்றூரில், தலைமுறைகளாகத் தமிழ் பேசிவரும் தென்னை விவசாயக் குடும்பம் எங்களுடையது. சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எஸ்.ஐ. ஒருவரும் மூன்று காவலர்களும் வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்துத் தோப்புகளில் கிணற்று மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியைத் திருடியது தொடர்பான வழக்கு; களவுப் பொருள் எங்கள் தேங்காய்க் கொட்டகையில் இருப்பதாகத் தகவல் என்றார்கள். வாரண்ட் உண்டா என்று கேட்டேன். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருந்தால் சரக்கு வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்விடும், அதனால் வாரண்ட் தேவையில்லை என்றார் எஸ்.ஐ.

அவர் சொன்னதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, அதாவது பழைய சட்டத்தின் 165ஆம் பிரிவு, விசாரணைக்கு வேண்டிய பொருளைத் தாமதமின்றி வேறு வழியில் பெற முடியாது என்று நம்பக் காரணம் இருந்தால், தம் நிலைய எல்லைக்குள் வாரண்ட் இல்லாமலே சோதனையிட அதிகாரிக்கு அனுமதி தருகிறது. ஆனால் அந்தக் காரணத்தையும், தேடும் பொருள் இன்னது என்பதையும், உள்ளே நுழையும் முன்பே அவர் எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதாமல் நடத்திய சோதனை சட்டப்படியானதல்ல என்று 1959இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. (கைது செய்ய வேண்டிய ஆள் வீட்டுக்குள் ஒளிந்திருந்தால் அதற்கு 44ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.)

நான் வழிமறிக்கவில்லை. ஜீப்பிலேயே வந்திருந்த இருவரைச் சாட்சிகள் என்றபோது மட்டும், சாட்சிகள் இவ்வூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று 103ஆம் பிரிவைச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் வார்டு மெம்பரையும் அழைத்தேன். எஸ்.ஐ.யின் முகம் சுருங்கினாலும் அவர் மறுக்கவில்லை. ஒரு காவலர் கைபேசியில் பதிவு செய்துகொண்டே வந்தார். சோதனையைப் பதிவு செய்வது இப்போது கட்டாயம். அம்மாவின் பீரோவைத் திறந்து புடவைகளைக் கட்டிலில் அடுக்கியபோது அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்து, "அம்மே, பேடிக்கண்டா" (அம்மா, பயப்பட வேண்டாம்) என்று அந்தக் காவலரே ஆறுதல் சொன்னார்.

கொட்டகையில் இருந்தது, ரீவைண்டிங் செய்தபோது எங்கள் மோட்டாரிலிருந்து கழற்றிய பழைய கம்பி. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் 'செம்புக் கம்பி, ஒரு சாக்கு' என்று மட்டும் எழுதினார்கள். எடை இல்லாமல் கையெழுத்திட மாட்டோம் என்றேன். கொப்பரை நிறுக்கும் எங்கள் தராசிலேயே நிறுத்தார்கள்: 11 கிலோ 400 கிராம். பட்டியல் மலையாளத்தில் இருந்ததால், தமிழ்ப் பள்ளியில் மட்டும் படித்த அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டச் சொன்ன பிறகே அவர் கையெழுத்திட்டார். அதன் நகல் அப்போதே கைக்கு வந்துவிட வேண்டும். எங்களுக்குக் கேட்ட பிறகுதான் கிடைத்தது.

எழுதி வைத்த காரணத்தின் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அந்த நகல் இலவசமாகவே கிடைக்கும். நாங்கள் விண்ணப்பித்து வாங்கினோம். ரீவைண்டிங் கடை ரசீதுடன் அதையும் பட்டியலையும் சேர்த்து நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துச் சாக்கு திரும்பி வந்தது. அதே தராசில் நிறுத்தபோது எடை சரியாக இருந்தது.