அப்டேட்: சபை பிள்ளைங்களோட உபின் போயாச்சு

ஜூன் லீவுக்கு வாலிபர் கூட்டத்த சிங்கப்பூர்ல இருக்கற புலாவ் உபின் தீவுல சைக்கிள் ஓட்டிட்டே வச்சா என்னன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பாஸ்டருக்கு ஏன் இந்த வேலைனு பாதி பேர் சிரிச்சீங்க, போயிட்டு வந்தாச்சு. சாங்கி பாயிண்ட் படகுத்துறைல 12 பேர் சேர்ந்தாதான் படகு எடுப்பாங்க, நாங்களே ஒரு படகு ஆளு. தீவோட கிழக்குக் கரைல இருக்கற செக் ஜாவா சதுப்பு நிலத்துல தண்ணி வத்துன நேரம், நடைபாலத்துக்குக் கீழ சேத்துல ஃபிட்லர் நண்டு, ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் அவ்ளோ பெருசு, அத ஆட்டி ஆட்டி பெட்டைய கூப்பிடுது, பிரசங்கத்துல தூங்குற பையன்லாம் குனிஞ்சு பாத்துட்டே நின்னான். 2001ல இந்த இடத்த மண்ணு கொட்டி மூடறதா இருந்து கடைசில தள்ளி வச்சாங்க, ஸ்தோத்திரம். படைப்பப் பத்திப் பாடற சங்கீதம் 104 அங்கயே வாசிச்சோம், மைக் இல்லாம. அலை நேரம் கேட்ட தம்பிக்கு: தண்ணி வத்தும்போது கடல் மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழ இருக்கற நாளா பாத்து போங்க, ரொட்டிய சைக்கிள் கூடைல விட்டுராதீங்க, காட்டுப்பன்னி சுத்துது.