பச்சைத் தொப்பிக்காரன சகிச்சிக்க முடிஞ்சிச்சா? படிச்சவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

பண்டாரவளை வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கையில பண்டாரவளை பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல பொறந்து வளந்த ஆளு, இப்ப எல்லவுல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல நைட் டியூட்டி. அங்க வர்ற வெள்ளக்காரங்க படிச்சி முடிச்ச புத்தகத்த ரிசெப்ஷன் பக்கத்து தட்டுல வச்சிட்டு போவாங்க, அப்படி ஒருத்தர் விட்டுட்டு போனதுதான் ஜோன் கென்னடி டூல் எழுதுன 'எ கொன்ஃபெடரசி ஒஃப் டன்சஸ்'ங்குற நாவல். எனக்கு இங்கிலீஷ் வேகமா ஓடாது, டிக்ஷனரிய பக்கத்துல வச்சிக்கிட்டு ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி வாசிச்சேன்.

படிக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிர்றேன். அமெரிக்காவுல நியூ ஓர்லியன்ஸ் டவுன், 1960கள். ஹீரோ பேரு இக்னேஷியஸ் ரெய்லி, முப்பது வயசு, பெரிய படிப்பு படிச்சவன், பெரிய ஒடம்பு, காத மூடுற பச்சத் தொப்பி. வேல வெட்டி கெடையாது, அம்மா வீட்டுல ரூம பூட்டிக்கிட்டு கொப்பி கொப்பியா எழுதுவான், ஒலகமே கெட்டுப்போச்சி, நடுக்கால ஐரோப்பாவோட எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு. அம்மா ஐரீன் கார கொண்டுபோயி ஒரு கட்டிடத்துல மோதிடுறாங்க, நட்டஈடு கட்ட காசு வேணும், அதனால மகன் வேலைக்கு போயே ஆகணும். மொதல்ல ஒரு காற்சட்ட பேக்டரி, அப்புறம் ரோட்டுல ஹொட் டோக் வண்டி, அதுலயும் வித்தத விட தின்னதுதான் கூட. எது நடந்தாலும் வயித்துல வால்வு அடச்சிக்கிச்சின்னு கத்துவான்.

மொத அம்பது பக்கம் எனக்கு கோவம்தான் வந்திச்சு. ஏன்னா இவன எனக்கு முன்னாடியே தெரியும்.

எங்க பெரிய மாமா, அம்மாவோட அண்ணன். எங்க டிவிஷன்ல மொத மொத ஏ எல், அதான் பள்ளிக்கூடத்து கடைசி பரீட்ச, பாஸ் பண்ணுன ஆளு. ஒரு ஆபீஸ்ல கிளார்க் வேல கெடச்சிச்சு, மூணாவது நாளே அந்த ஆபீஸ் பெரியவருக்கே ஒரு கடுதாசி பிழையில்லாம எழுதத் தெரியலன்னு சொல்லிட்டு திரும்பி வந்துட்டாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் எங்க லயத்து காம்பராவுலதான், அதான் தோட்டத்து லைன் வீட்டு ரூம்ல, ஜன்னலோரம் உக்காந்து சீ.ஆர். கொப்பியில எழுதிக்கிட்டே இருப்பாரு, யாராவது பேசுனா நடுவுல நிறுத்தி தமிழ திருத்துவாரு, வாயு வாயுன்னு நெஞ்ச தடவிக்கிட்டு மீன் டின் இல்லாம சோறு எறங்காதும்பாரு. அந்த மீன் டின்னும் கொப்பியும் அம்மா கொழுந்து பறிச்ச காசு. கிலோ கொறஞ்சா அரப்பேர்தான், அதான் அரநாள் சம்பளந்தான் போடுவாங்க, அந்த மாதிரி நாள்லயும் அம்மா கொழுந்து நிறுக்குற மடுவத்துல இருந்து நேரா கடைக்கி போயி நீல பேனா வாங்கிட்டு வரும். கொழுந்துக் கறையில கறுத்துப்போன வெரலு, அதுல புது வெள்ளக் கொப்பி, அழுக்காயிரும்னு ரெண்டு வெரல் நுனியால மட்டும் புடிச்சிக்கிட்டு வரும். அது எனக்கு இன்னமும் கண்ணுல நிக்கிது.

அதனால ஐரீன் அடுப்புக்குள்ள, அதான் அவங்க ஊரு ஓவனுக்குள்ள, வைன் போத்தல ஒளிச்சி வைக்கிற எடத்துல எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, நான் புத்தகத்த மூடி வச்சிட்டு வெளிய போயி நின்னேன். அன்னையில இருந்துதான் எனக்கு புத்தகம் பிடிபட்டிச்சு. இத இக்னேஷியஸ் பக்கம் நின்னு படிக்கக் கூடாதுங்க, அவனோட ஒரே கூரைக்கி கீழ இருக்குறவங்க பக்கம் நின்னு படிக்கணும். அப்படி படிச்சா சிரிப்பும் வருது, நெஞ்சும் அடைக்கிது. உங்களுக்கு எப்படி இருந்திச்சு, இப்படி ஒரு ஆள நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா, சொல்லுங்க.

ஹட்டன் டீச்சர்:

தம்பி, நான் அறுபது பக்கத்தோட நிறுத்திட்டேன். காமெடின்னு சொல்லித்தான் கூட்டாளி ஒருத்தி குடுத்தா. அவன் ஏப்பமும் அவன் ரூம் நாத்தமும்னு பக்கம் பக்கமா வாசிக்க எனக்கு ஏலாது, பெத்த தாய அந்த மாதிரி பேசுறவன பாத்து சிரிக்கவும் எனக்கு வராது. என் வகுப்புல ஒரு புள்ள இருந்தான், நல்ல மூள, கொழுந்தெடுக்குற அம்மா பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தா தெரியாத மாதிரி நிப்பான். படிப்பு ஒருத்தன அங்கதான் கொண்டுபோயி விடும்னா அந்தக் கதைய ரசிக்க நான் தயாரில்ல. நல்ல புத்தகமாவே இருக்கட்டும், எனக்கு வேணாம்.

பண்டாரவளை வாசகன்:

டீச்சர், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா ஒரு விசயம் சொல்றேன், இத அச்சுக்கு கொண்டுவர காரணமா இருந்த எழுத்தாளர் வோக்கர் பெர்சிக்கே மொதல்ல படிக்க இஷ்டமில்ல. டூல் இத எழுதிட்டு நியூயோர்க்குல ஒரு பெரிய பதிப்பகத்துக்கு அனுப்பி, திருத்து திருத்துன்னு ரொம்ப நாள் இழுத்தாங்க, கடைசி வரைக்கும் போடல. 1969ல, வெறும் 31 வயசுல, அந்த மனுசன் தன் உயிர தானே முடிச்சிக்கிட்டாரு. அவரோட அம்மா தெல்மா அந்த எழுத்துப் பிரதிய தூக்கிக்கிட்டு வருசக்கணக்கா அலஞ்சாங்க. கடைசியா 1976ல பெர்சி படிப்பிச்சிக்கிட்டு இருந்த யுனிவர்சிட்டிக்கே போயி விடாம புடிச்சிக்கிட்டாங்க. மை கலஞ்சி சரியா வாசிக்கவும் முடியாத கார்பன் கொப்பி. ரெண்டு பக்கம் பாத்துட்டு மோசம்னு திருப்பி குடுத்துரலாம்னு நெனச்சித்தான் பெர்சி தொறந்தாராம், அப்புறம் கீழ வைக்க முடியல. 1980ல ஒரு யுனிவர்சிட்டி பதிப்பகம் போட்டிச்சு, 1981ல புலிட்சர் பரிசு. நீங்க மிச்சத்த படிச்சே ஆகணும்னு சொல்லல டீச்சர். அம்மாவ மதிக்காத ஒரு மகனோட கதைய ஒலகத்துக்கு குடுத்ததே ஒரு அம்மாதான், அத சொல்லணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்.

மஸ்கெலியாக்காரன்:

அண்ணே எனக்கு பேக்டரி கட்டம்தான். அந்த காற்சட்ட பேக்டரியில கறுப்பின ஆளுங்க அடிமாட்டு சம்பளத்துக்கு தைக்கிறாங்க, அங்க இவன் போயி படுக்க விரிப்புல சுலோகம் எழுதி தூக்கிக்கிட்டு போராட்டம் நடத்துறான். எதுக்கு? நியூயோர்க்குல இருக்குற மிர்னாங்குற பொண்ணுக்கு நானும் புரட்சி பண்ணுவேன்னு காட்டணும். அந்த ஜனங்க பாவம் பின்னாடி வந்து, ஆபீஸ் மெனேஜர அடின்னு இவன் கத்துனதும் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிறாங்க, அந்த மெனேஜர் அவங்ககிட்ட மரியாதையா நடந்துக்குற ஆளு.

எங்கப்பா தோட்டக் கமிட்டி தலைவரா இருந்தவரு. சம்பளப் பிரச்சின நேரம் டவுன்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, நல்லா பேசுனாரு, காலையில வேலைக்கி பேர் எடுக்குற பெரட்டுக்களத்துல எல்லாரையும் உக்கார வச்சி போட்டோ புடிச்சாரு, பகல் பஸ்ல போயிட்டாரு. மூணு நாள் பேர் வெட்டுனது, அதான் சம்பளம் போனது, எங்களுக்குத்தான். அப்பா அதப்பத்தி கடைசி வரைக்கும் பேசல. அந்த கட்டத்த படிக்கிறப்ப எழுதுனவரு எங்க பெரட்டுக்களத்துல நின்னு பாத்த மாதிரி இருந்திச்சு.

இன்னொன்னு, பர்மா ஜோன்ஸ். வேல இல்லாம ரோட்டுல நின்னா பொலிஸ் புடிக்கும், அதனால ஒரு பார்ல அடிமட்ட சம்பளத்துக்கும் கீழ கூட்டிப் பெருக்குறான். அவன் வாயில வர்ற ஒவ்வொரு பேச்சும் கத்தி மாதிரி. எங்க பாட்டன் காலத்துல பத்துச்சீட்டு, அதான் பழைய தோட்டத்துல இருந்து விலக்கி விட்ட சீட்டு, இல்லாம வேற தோட்டத்துல சேர முடியாதுன்னு சொல்லுவாங்கல்ல, தொரைக்கி எதுத்து பேசுனா சீட்ட கையில குடுத்து வெரட்டுவாங்க. ஜோன்ஸ அவங்களுக்கு விளக்கவே தேவையில்ல. என்னைய கேட்டா இந்த புத்தகத்தோட உண்மையான புத்திசாலி ஜோன்ஸ்தான்.

பதுளை அக்கா:

நான் மிஸ் டிரிக்ஸிக்காக வந்தேன். அந்த காற்சட்ட பேக்டரி ஆபீஸ்ல இருக்குற கெழவி ரிட்டயர் ஆகணும் ரிட்டயர் ஆகணும்னு கெஞ்சுது, மொதலாளி பொஞ்சாதி உனக்கு வேலதான் நல்லதுன்னு விடவே மாட்டேங்குறா. எங்க அம்மாயிய வயசாகி வேலையில இருந்து பேர் வெட்டி பல வருசம் ஆகியும் கைக்காசுக்கு மலைக்கி போச்சு, வீட்டுல இருந்தா ஒடம்பு கெட்டுரும் பாட்டின்னு கங்காணி சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு. டிரிக்ஸி தூக்கத்துல ஒளர்ற எடமெல்லாம் சத்தம் போட்டு சிரிச்சேன், சிரிச்சி முடிச்சதும் அம்மாயி நெனப்பு வந்துருச்சு.

பண்டாரவளை வாசகன்:

எல்லாருக்கும் நன்றி, ஒன்னொன்னையும் ரெண்டு தடவ படிச்சேன். போன கெழம லீவுல வீட்டுக்கு போயிருந்தேன், மழ, கரண்ட் இல்ல. இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில உக்காந்து அம்மாவுக்கு இந்தக் கதைய தமிழ்ல சொன்னேன். ஹொட் டோக் வண்டி வரைக்கும் சும்மா கேட்டுக்கிட்டே இருந்திச்சு. அப்புறம் கேட்டிச்சு, "அந்தம்மாவுக்கு வேற புள்ள குட்டி யாரும் இல்லையா?" இல்லம்மான்னேன். எழுதுனவரோட அம்மா அலஞ்சதையும் சொன்னேன். எந்திரிச்சி உள்ள போயி டிரங்குப் பெட்டிய இழுத்து மாமாவோட சீ.ஆர். கொப்பிய எல்லாம் எடுத்து வந்திச்சு, பதினோரு கொப்பி, பூச்சி உருண்ட போட்டு சேல துண்டுல சுத்தி வச்சிருக்கு. அவரு செத்து ஒம்பது வருசம், நான் இத்தன நாளும் அடுப்புல போட்டிருக்கும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

அம்மாவுக்கு வாசிக்க தெரியாது. வாசின்னு சொல்லிச்சு. மெழுகுதிரி வெளிச்சத்துல மொத கொப்பிய எடுத்தேன், மூணாவது பக்கத்துலயே அம்மாவப் பத்தி வந்துருச்சு, இன்னைக்கும் தங்கச்சி ரொட்டிய ஒரு பக்கம் கருக்கிட்டா, இந்த நாட்டோட வீழ்ச்சி இப்படித்தான் தொடங்குதுன்னு எழுதியிருக்காரு. அம்மா முந்தானைய வாயில வச்சி அமுக்கிக்கிட்டு சிரிச்சிச்சு, பக்கத்து காம்பராவுல இருந்து சின்னம்மா என்னடி ஆச்சுன்னு எட்டிப் பாக்குற அளவுக்கு.